ஒரு லிங்கம் தள்ளி

ஓர்மை சாஃப்ட்வேர் கம்பெனியில் யாருடைய தலையெழுத்தையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதமாட்டார்கள். நடந்துகொண்டேதான் எழுதுவார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி. பௌர்ணமிக்கு ஊரே திரண்டு சுற்றுகிற அதே பதினாலு கிலோமீட்டர்தான். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து முதலாளி ராமன் முன்னால் நடப்பார், செருப்பில்லாமல். அவர் செருப்பில்லாமல் நடந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள் எப்படிச் செருப்போடு நடப்பது? கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத கட்டாயம்தான் அங்கே நிறைய.

ஒரு நடைக்கு எட்டுப் பேர், வழியில் இருக்கிற எட்டு லிங்கக் கோயில்களுக்கு ஆளுக்கு ஒன்றாக. ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரைக்கும் ஒருத்தர் ராமன் பக்கத்தில் நடக்கவேண்டும். அந்தத் தூரத்துக்குள் ஆறு மாத வேலை, குறை நிறை, இருப்பாரா போவாரா எல்லாம் பேசி முடிந்துவிடும். அடுத்த லிங்கம் வந்ததும், "நல்லா பேசினோம்" என்று முதுகில் ஒரு தட்டு. தட்டு வாங்கியவர் பின்னுக்குப் போக, அடுத்தவர் முன்னுக்கு ஓடிவருவார். யாருக்கு எந்த லிங்கம் என்று எச்.ஆர். இளஞ்செழியன் இரண்டு நாள் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டுவிடுவான். குபேரலிங்கம் விழுந்தவனுக்கு ஆபீஸில் கைகுலுக்கல். யமலிங்கம் விழுந்தவளைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

ஐப்பசி மாத நடையில் அருணாதேவிக்கு விழுந்தது யமலிங்கத்திலிருந்து நிருதிலிங்கம் வரை.

அருணாவுக்கு வயது முப்பத்தொன்று. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். தினமும் கம்பெனி வேனில் வந்து போகிறவள். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றின் மாடியில்தான் ஆபீஸ். கீழே காப்பி வாசம், மேலே முப்பத்தி நாலு பேர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது, அது எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று பின்னாலேயே போய்க் கண்டுபிடிப்பது அருணாவின் வேலை. அதில் அவள் கெட்டிக்காரி.

இந்த வேலை போனால் அடுத்தது பெங்களூர்தான், இல்லாவிட்டால் சென்னை. அதையும் அவள் பார்த்துவிட்டு வந்தவள். பெங்களூரில் இரண்டு வருஷம் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிற அம்மாவாக இருந்தாள். ஒரு தடவை வீட்டுக்குள் நுழைந்தபோது பெண் பூஜா அவளைப் பார்த்துவிட்டு, அப்பாவைப் பெற்ற ஆயாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அன்றைக்கு அருணா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திருவண்ணாமலையிலேயே ஒரு கம்பெனி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெண்ணுக்குச் சோறு ஊட்டலாம் என்றபோது, செருப்பில்லாமல் என்ன, முழங்கால் போட்டு நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பாள்.

அந்த நடைக்கு முந்தின வாரம் பூஜாவுக்கு டெங்கு. நாலு நாள் ஆஸ்பத்திரி. கட்டில் ஓரத்தில் குழந்தைக்கு டிரிப்ஸ் இறங்க, அதே கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அருணா வேலை பார்த்தாள். குழந்தை பிழைத்து வீடு வந்ததும் மாமியார் சரோஜா ஒரு கற்பூரப் பொட்டலத்தை மருமகளின் கைப்பையில் திணித்தாள்.

"யமலிங்கத்தாண்டதான உனுக்கு விழுந்துகீது? நல்லதாப் போச்சு. அங்க ஏத்தி, புள்ளைக்கு ஆயுசு கேட்டுக்கோ. நேரா எமங்கிட்டயே சொல்லிட்டா அப்புறம் இன்னா பயம்?"

நடந்தது வேறு. அக்னிலிங்கம் தாண்டினதும் ராமனுக்கு வெளிநாட்டிலிருந்து ஃபோன் வந்தது. அந்தத் தூரம் கவியாவின் முறை. பாவம், அவள் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்தாள். யமலிங்கம் வந்தபோதுதான் ஃபோன் முடிந்தது. "கவியா, இப்ப பேசலாம்" என்றார். அப்படியாக எல்லோருடைய முறையும் ஒரு லிங்கம் தள்ளிப்போனது. கடைசி ஆளுக்கு முறையே இல்லாமல் போனது. நடையில் நிற்கக்கூடாது என்பது ராமன் வைத்த சட்டம். யமலிங்கத்தின் வாசலை அருணா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கடந்தாள். கற்பூரம் பையிலேயே இருந்தது.

நிருதிலிங்கம் தாண்டித்தான் அவளைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நாலு நாளில் வேலை சுணங்கிவிட்டதாம். குரலை உயர்த்தவே மாட்டார் அந்த மனுஷர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"பொண்ணுக்கு அஞ்சு வயசு ஆச்சுல்ல? அஞ்சு வயசுக்கு மேல குழந்தைக்கு அம்மா வேணும்னு இல்ல அருணா. ஆள் இருந்தா போதும்."

வருணலிங்கத்தில் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அருணாவுக்கு இரண்டு நாள் வலித்தது.

திங்கட்கிழமை மதியம் சாப்பிடும்போது இதைக் கவியாவிடம் சொன்னாள். கவியா ஊருக்குள்ளேயே இருக்கிறவள். புருஷனை விட்டு வந்து, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகனோடு அப்பா வீட்டில் இருப்பவள். அப்பாவுக்கு ஒரு கை, ஒரு கால் வராது. பூஜா ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் ரசஞ்சோறு கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

"எனக்கும் அதே டயலாக்தான் வுட்டாருக்கா," என்றாள் கவியா. "ஒரு எழுத்து மாறல. மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பாரு போல." இருவரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது.

வீட்டில் சனிக்கிழமையே சொல்லி அழுதாயிற்று. ஆனால் கற்பூரம் ஏற்றவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. "ஏத்திட்டியா?" என்று மாமியார் கேட்டபோது, "ஏத்திட்டேன் அத்த" என்றுவிட்டாள். குழந்தை தேறிவிட்டது, கிழவி மனம் நோகவேண்டாமே என்றுதான். அத்தோடு அதை மறந்தும் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, வேலை பார்ப்பவர்கள் தங்கள் கம்பெனியைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதுகிற ஒரு வெப்சைட்டில், ஓர்மை சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. நல்ல தமிழில், யாரோ வக்கீல் எழுதினது மாதிரி இருந்தது. எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொல்லப்படுவதாகவும், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வாய் கிடையாது என்றும் எழுதியிருந்தது. நடுவில் ஒரு பத்தி: 'இந்த ஐப்பசி மாத முதல் சனிக்கிழமை காலை, யமலிங்கத்துக்கும் நிருதிலிங்கத்துக்கும் இடைப்பட்ட சாலையில், பணிபுரியும் ஒரு தாயிடம் நிறுவனத் தலைவர் கூறியதாவது: ஐந்து வயதுக்கு மேல் குழந்தைக்கு அம்மா வேண்டியதில்லை, ஆள் இருந்தால் போதும்.'

அருணா அதை ஆபீஸ் மாடிப்படியில் நின்றபடி ஃபோனில் படித்தாள். அது தன் வார்த்தை. தன்னிடம் சொல்லப்பட்ட வார்த்தை. யார் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டது?

ராமன் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துப் பேசினார். கோபமே படவில்லை. "யார்னு எனக்குத் தெரிய வேண்டாம். எழுதினவங்க தானா வந்து பேசலாம். நம்ம எல்லாரும் குடும்பம்." சாயங்காலத்துக்குள் எல்லோருடைய கம்ப்யூட்டரையும் வாங்கிப் பார்த்தார்கள். மறுநாள் தண்ணீர்க் கேனுக்கு மேலே புதிதாக ஒரு கேமரா முளைத்தது. அதற்கு மறுநாள் 'நம்பிக்கைப் படிவம்' என்று ஒன்று ஃபோனுக்கு வந்தது. 'நிறுவனத்தின் மேல் வருத்தத்தில் இருப்பவர் என்று நீங்கள் நினைக்கும் மூன்று பேர்.' பெயரில்லாமல் நிரப்பலாமாம். நிரப்புவதற்கோ ஆபீஸ் ஈமெயில் வேண்டும். குடும்பமாம் குடும்பம்!

அதற்கப்புறம் வேனில் பாட்டு நின்றது. வழக்கமாக ஏறினதும் அரட்டை ஆரம்பிக்கிற விமல்ராஜ் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். பாட்டு கேட்கிறானா, இவர்கள் பேசுவதைக் கேட்கிறானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. யாராவது ஃபோனை எடுத்தால் பக்கத்து சீட்டின் கண் அங்கே போனது. அருணாவும் லேசுப்பட்டவள் இல்லை. தன்னை யார் எழுதிக்கொடுத்திருப்பார்கள் என்று வேனில் இருந்த ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்த்தாள்.

பிறகு அவள் மனம் கவியாவிடம் போய் நின்றது. வெளியில் அந்த வார்த்தையைச் சொன்னது அவளிடம் மட்டும்தானே? வீட்டில் சொன்னது கணக்கில்லை. கவியா எழுதியிருந்தால்? நாளைக்குக் கேட்டால் 'அருணாக்காவுக்குச் சொன்னது' என்று கையைக் காட்டிவிட்டால்? ரசஞ்சோறு கொண்டுவந்த கையைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. இருந்தும் நினைத்தாள்.

புதன்கிழமை இளஞ்செழியன் அவளைக் கூப்பிட்டான். இருபத்தாறு வயசுப் பையன். மேஜையில் பட்டியலின் பிரிண்ட். மூன்றாவது வரியில் மஞ்சள் மார்க்கர்.

"யமலிங்கம் டு நிருதிலிங்கம், அருணாதேவி. நான் ஒண்ணும் சொல்லலைங்க. லிஸ்ட்தான் சொல்லுது."

அருணா அந்த மஞ்சளைப் பார்த்தாள். பெங்களூர் ஹாஸ்டலின் இரும்புக் கட்டில் கண்முன் வந்தது. சேலைக்குப் பின்னால் ஒளிகிற பூஜா வந்தாள்.

"சார், அன்னிக்கு அந்த லிஸ்ட்படி நடக்கலியே. ஃபோன் வந்துச்சே, மறந்துட்டீங்களா? எல்லாமே ஒரு லிங்கம் தள்ளிப்போச்சு. எனக்கு நிருதிக்கு அப்புறம்தான். நீங்ககூட பின்னால தண்ணி பாட்டில் எடுத்துகினு வந்தீங்க சார்."

இளஞ்செழியன் யோசித்தான். விரல்விட்டு எண்ணினான். ஒவ்வொரு பேராக ஒரு லிங்கம் தள்ளினான். இரண்டாவது வரியில் அவன் விரல் நின்றது. இரண்டாவது வரியில் இருந்த பெயர் கவியா.

"தாங்க்ஸ்ங்க. நீங்க போலாம்."

வெளியே வந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அருணாவுக்கு உறைத்தது. நான் யார் பேரையும் சொல்லவில்லையே, நடந்ததைத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். எழுதினது அவளாகவே இருந்தால் என்ன தப்பு என்றும் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க நினைக்கக் கவியாதான் எழுதினாள் என்று நம்புவது சுலபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கார்த்திகை நடைக்கான பட்டியல் வந்தது. மற்ற ஏழு பேரும் போன தடவை முறை கிடைக்காதவர்கள். கவியாவின் பெயர் மட்டும் மறுபடியும், யமலிங்கத்திலிருந்து நிருதிலிங்கம் வரை. அதே சாலையில் அவளை நடத்திக் கூட்டிப்போய் வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்று ஆபீஸுக்கே விளங்கிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை அருணாவுக்கு லீவு. கொல்லையில் மல்லாட்டை பிடுங்கு. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் யாரும் வேர்க்கடலை என்று சொல்லமாட்டார்கள். விடிந்ததும் செடியைப் பிடுங்கிப் போட்டு, மதியத்துக்கு மேல் வரப்பில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அருணா, மாமியார் சரோஜா, புருஷன் பாலாஜி. பூஜா ஈர மண்ணோடு இருந்த காயை உரித்துப் பாலாக இருந்த பருப்பை வாயில் போட்டுக்கொண்டிருந்தது. மேற்கே மலையைக் காணோம். அந்தப் பக்கம் முழுக்க மேகம் மூடியிருந்தது.

"சுருக்கா ஆயுங்க. நனைஞ்சா அத்தினியும் முளை வுட்டுடும்," என்றாள் சரோஜா. பிறகு மருமகளைப் பார்த்தாள். "இன்னாம்மா, ஒரு வாரமா மூஞ்சே சரியில்லியே உனுக்கு?"

"கவியாவ அனுப்பப் போறாங்க அத்த."

"யாரு, ஆஸ்பத்திரிக்கு ரசஞ்சோறு எடுத்தாந்துச்சே, அந்தப் பொண்ணா? அது இன்னா பண்ணுச்சு?"

"கம்பெனியப் பத்தி யாரோ எழுதிட்டாங்கன்னு சொன்னேன்ல? அவதான்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அது எழுதுச்சா?"

"இல்லன்றா. யாரு கண்டா."

பாலாஜியின் கை நின்றது. முப்பத்தாறு வயசு அவனுக்கு. பி.ஏ. வரலாறு. நிலத்தைப் பார்த்துக்கொள்வதோடு, பட்டா, ஓய்வூதியம், ரேஷன் கார்டு என்று ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக்கொடுப்பான். திங்கட்கிழமை தோறும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போவான்.

"அந்தப் பொண்ண எப்படிச் சொல்றாங்க?" என்றான். "அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"எடம் போட்டிருக்குல்ல. அன்னிக்கு அந்த எடத்துல அவரோட நடந்தவ அவதான்."

"அதெப்படி? யமலிங்கத்தாண்ட நடந்தது நீதான?"

அருணா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கத்தில் எந்த லிங்கம் போட்டிருக்கிறது என்று அவள் வீட்டில் சொன்னதே இல்லை.

"நான் அங்க நடந்தேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"இது இன்னா கேள்வி? நீதான் சொன்ன. உனுக்கு யமலிங்கம் விழுந்துகீதுன்னு சொன்ன. அம்மா கற்பூரம் குடுத்துச்சு. ஏத்திட்டேன்னு வந்து சொன்ன."

தப்பு எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று பார்ப்பதுதானே அவள் தொழில். அன்றைக்கு நடந்த எட்டுப் பேருக்கும் முறை தள்ளிப்போனது தெரியும். கவியாவுக்கும் தெரியும். அந்த வார்த்தை அருணாவுக்கு யமலிங்கத்துக்கும் நிருதிலிங்கத்துக்கும் நடுவே சொல்லப்பட்டது என்று நினைக்க இந்த உலகத்தில் இரண்டே பேரால்தான் முடியும். ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"நீங்களா?" என்றாள்.

பாலாஜி தலையைக் குனிந்து இரண்டு காய் ஆய்ந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"ஆமா, நான்தான். இன்னா இப்ப? நீ வந்து அழுத. எனுக்குத் தூக்கம் வரல. புள்ள கையில ஊசியோட கெடக்குது, நீ பக்கத்துல பொட்டி தட்டிகினு கீற. அந்தாளு அம்மா தேவையில்லன்றான். நான் கேட்டுகினு சும்மா கெடக்கவா? உன் பேரு போட்டனா? ஜுரத்தப் பத்தி ஒரு வார்த்த எழுதினனா? உன்னக் கண்டுபுடிக்கவே கூடாதுன்னு எம்மாம் ஜாக்கிரதையா எழுதினேன்!"

"எடம் எதுக்குங்க போட்டீங்க?"

"மனுன்னா எடம், நாள் போட்டாதான் மனு. இல்லன்னா ஓரமாத் தூக்கிப் போட்டுடுவான். பத்து வருஷமா எழுதறேன், எனுக்குத் தெரியாதா?"

"அது மனு இல்லங்க!" அருணா கத்திவிட்டாள். பூஜா பயந்துபோய்ப் பார்த்தது. "அங்க ஒரு லிங்கத்துக்கு ஒரு ஆளு. எடம் போட்டா பேரு போட்ட மாதிரி. அதுவும் தப்பான எடம். எனக்கு நிருதி தாண்டித்தான் கூப்ட்டாரு. யமலிங்கத்துல நான் நிக்கவே இல்ல."

சரோஜாதான் வாயைத் திறந்தாள்.

"நிக்கவே இல்லியா? அப்ப கற்பூரம்?"

அருணா கீழே வைத்த செடியை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"ஏத்தலியா நீ? எமங்கிட்ட வேண்டிகினதுல போயா பொய் சொல்லுவாங்க? அதுவும் பெத்த புள்ளைக்கு?" கிழவியின் கண் கலங்கிவிட்டது. கம்பெனியும் வெப்சைட்டும் அவளுக்கு எப்படியோ போகட்டும். இது அவளுக்கு விளங்கிய விஷயம். எழுந்து பூஜாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் வந்து சொல்லிடறேன் அந்தாளாண்ட," என்றான் பாலாஜி. "எழுதினவன் நான், உன் ஆளுங்க யாரும் இல்லன்னு."

"நீங்க யாரு? என் வூட்டுக்காரர். நீங்க வந்து நின்னா என் வேலையும் சேர்ந்து போச்சு. மறுபடி பெங்களூரு. போகட்டுமா?"

"அப்ப அந்தப் பொண்ணு போகட்டுமா?"

தூறல் விழ ஆரம்பித்தது. மூன்று பேரும் ஓடித் தார்ப்பாயை இழுத்துக் காயின் மேல் மூடினார்கள்.

அடுத்த வாரம் முழுக்க அருணா வாயைத் திறக்கவில்லை. திங்கள் சொல்லலாம் என்று போனாள், செவ்வாய் என்று தள்ளினாள். கவியாவின் பக்கத்தில் உட்கார இப்போது யாரும் வருவதில்லை. வியாழக்கிழமை மதியம் அருணாதான் போய் உட்கார்ந்தாள். கவியா புளிசாதம் கொண்டுவந்திருந்தாள். டப்பாவை நடுவில் தள்ளினாள்.

"சாப்டுக்கா. இந்த ஆபீஸ்ல முப்பத்தி நாலு பேரு. உன்ன ஒருத்தியத்தான் நான் சந்தேகப்படல. மீதி எல்லார் மேலயும் வருது. விமல்ராஜா இருக்குமோன்னு ராவெல்லாம் யோசிக்கிறேன். அப்பாவ வுட்டுட்டு நான் எந்த ஊருக்குப் போறது, சொல்லு?"

அருணா அந்த டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டாள். புளிசாதம் நன்றாகவே இருந்தது. அதுதான் கொடுமை.

சனிக்கிழமை நடையில் அருணாவின் பெயர் இல்லை. ஆனாலும் விருப்பமுள்ளவர்கள் பின்னால் வரலாம். ஐந்தரைக்கு, நடை தொடங்குகிற இந்திரலிங்கத்தில் போய் நின்றாள். இளஞ்செழியன் ஆச்சரியமாகப் பார்த்தான். தீபம் நெருங்கிவிட்டதால் ரோட்டோரம் சவுக்குக் கட்டைகளை இறக்கித் தடுப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை விட்ட தார் ரோடு உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. ஆசிரமத்தைத் தாண்டி, ஆபீஸ் மாடியைத் தாண்டி, யமலிங்கம் வந்தது. ராமன் சிரித்துக்கொண்டே கைகாட்ட, கவியா முன்னால் போனாள். மற்றவர்கள் மரியாதையாகப் பத்தடி பின்தங்கினார்கள். சாவு வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்கிற மாதிரி இருந்தது அது.

அருணா பத்தடி தூரத்தில் நடந்துகொண்டே இருந்தாள். கவியாவின் தோள் குறுகிக்கொண்டே வந்தது தெரிந்தது. ரோடு வளைந்தபோது கவியா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான். அருணா ஓடினாள். இளஞ்செழியன், "மேடம், மேடம்" என்று பின்னால் வந்தான்.

"சார், அது கவியா எழுதல. எங்க வீட்டுல எழுதினது. என் வூட்டுக்காரரு. என்னாண்ட நீங்க சொன்னதத்தான் அவரு எழுதினாரு. எடத்தத் தப்பாப் போட்டுட்டாரு."

ராமன் நின்றார். நடையில் அவர் நின்று யாரும் பார்த்ததில்லை. கோபமாகக் கத்துவார் என்று அருணா எதிர்பார்த்தாள். அவரோ புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே யோசித்தார்.

"உங்கிட்டயா? அதை நான் உங்கிட்டயா சொன்னேன்? எப்போ?"

அருணா அவர் முகத்தையே பார்த்தாள். நடிக்கவில்லை. அந்த மனுஷருக்கு ஞாபகமே இல்லை. கேமரா வைத்து, படிவம் கொடுத்து, முப்பத்தி நாலு பேரை ஒருத்தரை ஒருத்தர் திருடனைப் போலப் பார்க்கவைத்த ஆளுக்கு, யாரிடம் என்ன சொன்னோம் என்பதே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் லிங்கத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம் சார். நிருதிலிங்கம் தாண்டி."

"ஓ," என்றார் ராமன். ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். "திங்கக்கிழமை பேசலாம். ரெண்டு பேர்கிட்டயும்." ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இளஞ்செழியன் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினான். மற்றவர்களும் ஒதுங்கி, இவர்களைப் பார்க்காதது போலத் தாண்டிப் போனார்கள்.

இரண்டு பெண்களும் ரோட்டில் நின்றார்கள்.

"எப்ப தெரியும்?" என்றாள் கவியா. அக்கா என்று சொல்லவில்லை.

"போன சனிக்கெழம."

"வியாழக்கெழம என் டப்பாவுல கைய வுட்டுச் சாப்ட்ட."

"ஆமா."

"ஒரு லிங்கம் தள்ளிப்போச்சுன்னு இளஞ்செழியனாண்ட சொன்னதும் நீதான?"

"நான்தான்."

கவியா அடிப்பாள் என்று அருணாவுக்குத் தோன்றியது. அடித்தால் தேவலை என்றும் இருந்தது. கவியா அடிக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அருணா திரும்பி நடந்தாள், வந்த வழியே. மலையைச் சுற்றுகிறவர்கள் யாரும் அப்படி நடக்கமாட்டார்கள். வலமாக வருவதுதான் முறை. எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். காவி கட்டிய பெரியவர் ஒருவர், "இன்னாம்மா எதுக்கால வர்ற? அபச்சாரம்" என்றார். அருணா நிற்கவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியும். பெட்டியை எங்கே வைத்திருக்கிறோம் என்றுகூட யோசித்தாயிற்று. ஆனால் பெண்ணின் பேரில் சொன்ன பொய்யை அதற்கு முன்னால் அடைத்துவிடவேண்டும்.

யமலிங்கத்து வாசலில் பையைத் துழாவிப் பொட்டலத்தை எடுத்தாள். ஒரு மாதமாகப் பைக்குள்ளேயே கிடந்ததில் கற்பூரம் பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. காகிதத்தில் வில்லை வில்லையாக வைத்தது இப்போது பயறு அளவுதான். பூக்காரியிடம் தீப்பெட்டி வாங்கி, வாசலில் ஏற்றினாள். சின்னச் சுடர்தான், ஆனாலும் எரிந்தது.

உள்ளேயிருந்து குருக்கள் எட்டிப் பார்த்தார். "அர்ச்சனையா? பேர், நட்சத்திரம் சொல்லும்மா."

"பூஜா, ரோகிணி," என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு பேர் சாமி. கவியா."

"நட்சத்திரம்?"

அருணா விழித்தாள். இரண்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறாள். தெரியவில்லை.

"சதயம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கவியாதான். அவளும் எதிராகவே நடந்து வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. கோபம் கொஞ்சமும் குறையாத முகம்.

"எம் பேரச் சொல்றதுன்னா ஒழுங்கா கேட்டுச் சொல்லு," என்றாள். "இதுலயும் தப்பாச் சொல்லி இன்னொருத்தி தலையில வெச்சிடாத."

குருக்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லி மணியடித்தார்.